நான்கு ஆஸ்கார்களின் சாப்பாட்டுக் கதை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

புலால் உண்ணும் பிராணிகள் என்றவுடன் சிங்கமும் புலியும்தான் நம் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட பிராணிகள் நான்கு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வளர்கின்றன என்று சொன்னால் தோழியர் சிலர் நம்புவதில்லை. அவை ஆஸ்கார் மீன்கள். தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பகுதியே அவற்றின் தாயகம். லூயி அகாசிஸ் என்ற இயற்கை அறிஞர் 1831-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்து எழுதி வைத்தார். குஞ்சுப் பருவத்தில் கரிய உடலில் வெள்ளை நெளிகோடுகள் ஓடும். வளர்ந்துவிட்டாலோ ஓர் அடி நீளம்! இந்த மீன்களை இப்போது நம் ஊர்ப் பண்ணைகளிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

எங்களுடையவற்றை வாங்கியவர் என் சித்தப்பா. வண்ண மீன்களுக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. "பாப்பா, இதுங்களை உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. அவற்றோடு ஒரு சிறு டப்பாவில் உயிருள்ள டியூபிபெக்ஸ் புழுக்களும் என் பொறுப்பில் வந்தன. சிவப்பு நூல்கண்டுபோல் நெளியும் இந்தப் புழுக்கள் சாக்கடைச் சேற்றில் வாழ்பவை. மூன்று வேளையும் அதுதான் மீன்களுக்குச் சாப்பாடு. போட்ட நொடியில் காணாமல் போய்விடும். இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகின்றனவே, பிறகென்ன குறை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு மட்டும் ஐயம் எழுந்தது. அதற்குக் காரணம் எங்கள் அறிவியல் வகுப்பு. வைட்டமின்கள் பற்றிய பாடத்தின்போது சிஸ்டர் ஒரு கதை சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தாம் வளர்த்த கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவற்றுக்குக் கிடைத்தது தீட்டிய வெள்ளையரிசிச் சோறு மட்டுமே. தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் அவை எழுந்து நடந்தன. இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்தக் கோழிகளும் வயிறு நிறையத்தானே சாப்பிட்டன? ஆசையாகத்தானே கொத்தின? இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவே இல்லை.

மறுநாள் சிஸ்டரிடம் எங்கள் மீன்களைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அமேசானில் அது என்ன சாப்பிடும் என்று முதலில் பார்" என்றார்கள். பார்த்தேன். பூச்சிகள், இறால், நண்டு, நத்தை, சிறு மீன்கள், சில சமயம் தண்ணீரில் விழும் பழங்கள்! நத்தையின் ஓட்டை நொறுக்க ஆஸ்காரின் தொண்டைக்குள் இன்னொரு தாடையே இருக்கிறது. இத்தனை வகை உணவுக்காகப் படைக்கப்பட்ட வாய்க்கு நாம் ஒரே புழுவைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது, 1998-இல் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்கார் மீனால் வைட்டமின் 'சி'யைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ள இயலாது. உணவில் அது இல்லாமல் வளர்த்த மீன்களுக்கு முதுகெலும்பு வளைந்தது. தாடையும் செவுள் மூடியும் கோணலாயின. வளர்ந்த மீனைவிடக் குஞ்சுக்குத்தான் அபாயம் அதிகம். எலும்பு உருவாகும் பருவம் அல்லவா? ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன். நான்கில் சிறியதற்கு இடப்பக்கச் செவுள் மூடியின் ஓரம் சற்றே சுருண்டிருந்தது. நெருக்கமான அழுக்குத் தண்ணீரில் வளர்ந்தாலும் அப்படி ஆவதுண்டு. எதுவாயினும் இனிக் காலம் தாழ்த்தக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எளிது. மீன் சம்மதிக்க வேண்டுமே! ஒரு நாள் முழுதும் ஒன்றும் போடாமல், மறுநாள் இறாலை உரித்து, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, மீனின் கண் அளவுக்கு நறுக்கிப் போட்டேன். வாயில் வாங்கின, உடனே துப்பின. துப்பியதை மறுபடி திரும்பியும் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் குழாய் வைத்து எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தேன். மிச்சம் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்து மீன்களைக் கொன்றுவிடும். மூன்றாம் நாள் பெரியவை இரண்டும் விழுங்கின. அவற்றைப் பார்த்துப் பொறாமையோ என்னவோ, மூன்றாவதும் நான்காம் நாள் சேர்ந்துகொண்டது.

சிறியது மட்டும் மூலையில் நின்றது. ஐந்தாம் நாள் அதன் வயிறு ஒட்டிப்போனது கண்ணுக்கே தெரிந்தது. "ஏண்டி, பாவம்டி அது. பச்சைப் புள்ளைய பட்டினி போடுற மாதிரி இருக்கு. அந்தப் புழுவையே போட்டுத் தொலையேன்" என்று அம்மா கண் கலங்கினார்கள். எனக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. புழுவைப் போட்டால் அது பிழைக்கும். ஆனால் மறுபடி இறாலைத் தொடாது. போடாவிட்டால் பிழைக்குமா? பாட்டிதான் வழி காட்டினார்கள். "நெளியிறதுதானே அதுக்கு வேணும்? மண்புழு குடுத்துப் பாரேன்." எங்கள் மாடித் தோட்டத்துத் தொட்டிகளில் மருந்து அடிப்பதில்லை. ஒரு மண்புழுவை எடுத்துக் கழுவி, சிறு துண்டாக்கிப் போட்டேன். ஏழாம் நாள் காலை, பள்ளிப் பேருந்து வருவதற்குச் சில நிமிடம் முன்பு, சிறியது பாய்ந்து வந்து கவ்வியது! மண்புழுவோடு இறால் துண்டைச் சேர்த்து, இறாலோடு குருணைத் தீவனத்தைச் சேர்த்து, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பழக்கிவிட்டேன்.

இதற்கிடையே என் தம்பிக்கு வேறோர் ஆசை. சிறு தங்கமீன்களை வாங்கி உயிரோடு தொட்டியில் விட வேண்டும், ஆஸ்கார் துரத்திப் பிடிப்பதைத் தன் நண்பர்கள் பார்க்க வேண்டும்! "அதுதானே அக்கா இயற்கை?" என்றான். தங்கமீனின் உடலில் வைட்டமின் 'பி1'ஐ அழிக்கும் ஒரு நொதி உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், 1932-இல், ரோமத்துக்காக நரிகளை வளர்த்த ஒரு பண்ணையில் பச்சை மீனைத் தின்ற நரிகளுக்குப் பக்கவாதம் வந்ததற்கும் இதே நொதிதான் காரணம். இதைச் சொன்னபோது அவன் கேட்கவில்லை. கடைத் தொட்டியிலிருந்து வரும் மீனோடு நோயும் வரும் என்றபோதுதான் யோசித்தான். கொசுப்புழு போடலாமே என்று அடுத்த யோசனை வந்தது. நல்ல உணவுதான், ஆனால் டெங்கு பரவும் ஊரில் வாளியில் கொசு வளர்க்க அப்பா சம்மதிப்பாரா?

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். காலையில் குருணைத் தீவனம். வைட்டமின்கள் அதில் கலந்தே வருகின்றன. ஆனால் காற்றும் வெப்பமும் பட்டால் வைட்டமின் 'சி' குறைந்துவிடும் என்பதால் சிறிய பொட்டலமாக வாங்கி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். மாலையில் இறால், மண்புழு, மீன் துண்டு என்று மாறி மாறி. எப்போதாவது தோலுரித்த வேகவைத்த பட்டாணி. ஆட்டு ஈரலும் மாட்டு இறைச்சியும் கொடுப்பதில்லை. அந்தக் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது. வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடையாது. "மீனுக்கும் ஒருசந்தியா?" என்று பாட்டி கேட்பார்கள்.

நான்கும் இன்று என் உள்ளங்கை நீளம். இன்னும் பெரிதானால் எங்கள் தொட்டி போதாது. இரண்டைச் சித்தப்பாவின் நண்பருக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த இரண்டு என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சிறியது நிச்சயமாக இங்கேயே இருக்கும். அதன் செவுள் மூடி அப்படியேதான் சுருண்டிருக்கிறது, சிவந்த செவுள் கொஞ்சம் வெளியே தெரிகிறது. ஆனால் சாப்பாட்டுக்கு முதலில் வருவது அதுதான்.

அரசுத் தேர்வு நெருங்கிவிட்டதால் மாலைச் சாப்பாட்டைத் தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஏழு நாளுக்கும் என்னென்ன என்று ஒரு தாளில் எழிதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக அவன் 'பிரியாணி' என்று எழுதியிருந்தான். அதை மட்டும் அடித்துவிட்டேன்.