தம்பி காருக்குப் பனிச் செருப்பு

கார் டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? திருச்சியில் எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் காற்று இறங்கினால், "என்னங்க, வண்டி உக்காந்துடுச்சு" என்று இவரிடம் சொல்வதோடு என் வேலை முடிந்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். ஆனால் 2022-ம் வருஷம் அக்டோபர் முதல் நாலு மாதம் கனடாவில் மாண்ட்ரியல் நகரில் இருந்தபோது, குளிர்கால டயரைப் பற்றிப் பரீட்சை எழுதும் அளவுக்குக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் மகனோ மகளோ இருந்து, பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு போகும்போது இந்த விஷயத்தையும் தெரிந்துகொண்டு போனால் நல்லதுதானே!

தம்பி என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் மனைவிக்குத் தாயார் இல்லை. எங்கள் அம்மாவுக்கோ முழங்கால் வலி. ஆகவே பிரசவத்துக்கு நான் போனேன். ஜனவரி நடுவில் தேதி சொல்லியிருந்தார்கள்.

விமான நிலையத்தில் தம்பி கொண்டுவந்து நிறுத்திய காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டொயோட்டா 86 என்று பெயர். ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டே இரண்டு. பின்சீட் என்று ஒன்று இருக்கிறது. முழங்காலை மடித்து மோவாயில் முட்டுக்கொடுத்துத்தான் உட்கார வேண்டும். தரைக்கும் காரின் வயிற்றுக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. ஆசை ஆசையாக ஏப்ரலில் பழைய வண்டியாக வாங்கினானாம். மறு மாதமே இவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது.

"வித்துட்டு வேற வாங்கேண்டா" என்றேன். கடன் பாக்கி இருக்கிறது என்றான். அந்த வருஷம் சிப் தட்டுப்பாட்டினால் பழைய கார்கள்கூட யானை விலை விற்றன. வசந்த காலம் வரை இந்த வண்டியோடுதான் காலம் தள்ளியாக வேண்டும். மாண்ட்ரியலில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக இரண்டு மீட்டர் பனி விழுகிறது. அந்தப் பனியில் நிறைமாதக்காரியை இந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என்று நினைத்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாம் டயரில்தான் இருக்கிறது என்றான் தம்பி. அன்றிலிருந்து அந்த டயரை நான் விடவில்லை!

குளிர்கால டயர் என்று தனியாக எதற்கு? குக்கர் காஸ்கெட் தளர்ந்துபோனால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்போம், விறைத்துக்கொள்ளும் அல்லவா? அதே கதைதான். கோடைகால டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கிறது. விறைத்த ரப்பர் சாலையைப் பிடிக்காது. பனியே விழாத காய்ந்த சாலையிலும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் போடுகிற சில கோடை டயர்கள் கடுங்குளிரில் ஓட்டினால் வெடித்துக் கீறல் விட்டுவிடும் என்று செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் எவ்வளவு குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேல் நகத்தால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். அவை பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

மாண்ட்ரியல் இருக்கும் க்யூபெக் மாகாணத்தில் இது சட்டம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இல்லாவிட்டால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துளிப் பூவும் பொறித்திருக்க வேண்டும். எம், எஸ் என்ற எழுத்துக்கள் மட்டும் இருந்தால் செல்லாது. வெளிநாட்டில் யார் காரில் ஏறினாலும் இப்போது நான் முதலில் அந்த மலையைத்தான் தேடுகிறேன்.

சரி, டயர் வாங்க வேண்டும். எதை வாங்குவது? இங்கேதான் அக்காவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு வகைக் குளிர்கால டயர் கிடைக்கிறது. ஒன்று, குளிர்ந்த ஆனால் பெரும்பாலும் காய்ந்த சாலையில் வேகமாக ஓட்டி, வளைவில் வெட்டித் திருப்புகிறவர்களுக்கு. மிஷ்லின் பைலட் ஆல்பின் போன்றது. இன்னொன்று, பனிக்கட்டியும் குவிந்த பனியுமான ஊருக்கு. மிஷ்லின் எக்ஸ்-ஐஸ், ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸ்ஸாக், பின்லாந்தின் நோக்கியன் ஹக்காபெலீட்டா எல்லாம் இந்த ரகம். இந்த ஹக்காபெலீட்டா 1936-லேயே வந்துவிட்டதாம்! இவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும். ஓட்டுகிற சுகம் குறையும்.

தம்பிக்கு முதல் ரகத்தின் மேல் கண். "வண்டியோட குணமே போயிடும்க்கா" என்றான்.

"குணம் ஏப்ரலில் வரட்டும். ஜனவரியில் ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தா உனக்கு வளைஞ்சு ஓட்டணுமா, சிவப்பு விளக்குல நிக்கணுமா?" என்று கேட்டேன். பட்டுப்புடவை அழகுதான், அதைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் வடகம் பிழிவோமா? இவள் ஒன்றும் பேசாமல் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு வாதமில்லை, இரண்டாவது ரகம் என்று முடிவாயிற்று.

அடுத்தது சக்கரம். அந்தக் காருக்கு 17 அங்குலச் சக்கரம், 215/45 அளவு டயர். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டுச் சுவரின் உயரம் என்பது. குளிர்காலத்துக்கு ஒரு அங்குலம் சின்னதாக, 16 அங்குலச் சக்கரமும் 205/55 டயரும் போடலாம் என்றார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக். சக்கரம் சிறிதானாலும் டயரின் சுவர் உயர்வதால் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஒரு சதவீத வித்தியாசம்தான். வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லாது.

இதில் மூன்று லாபம். அகலக் கரண்டியைவிட ஒல்லிக் கரண்டி மாவுக்குள் சுலபமாக இறங்குவதுபோல, ஒடுக்கமான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள சாலையைத் தொடும். சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் சக்கரம் நெளியாது. மாண்ட்ரியலில் பனி உருகும்போது சாலையில் விழும் குழிகள் பிரசித்தம். மூன்றாவது, விலையும் குறைவு.

தனியாகச் சக்கரம் எதற்கு, இருக்கிற சக்கரத்திலேயே டயரை மாற்றலாமே என்று கேட்டேன். மாற்றலாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தரம் டயரைக் கழற்றி மாட்டக் கூலி கொடுக்க வேண்டும். டயரின் விளிம்பும் நைந்துபோகும். தனிச் சக்கரம் இருந்தால் நட்டைக் கழற்றி அப்படியே மாட்டிவிடலாம். நாலைந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அலாய் சக்கரம் லேசு, அழகு, விலை அதிகம். இரும்புச் சக்கரம் கனம், பார்க்கச் சுமார். சாலையில் கொட்டுகிற உப்பில் துருவும் பிடிக்கும். ஆனால் மலிவு, அடி தாங்கும். நாங்கள் இரும்பையே எடுத்தோம். துளைகள் ஐந்து, அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துவாரம் 56.1 மில்லிமீட்டர் என்று எல்லாம் பொருந்த வேண்டும். இந்தக் காரை டொயோட்டாவோடு சேர்ந்து சுபாரு கம்பெனி செய்ததால் சில சுபாரு சக்கரங்கள் பொருந்துகின்றன. பிரேக்கில் இடிக்காமல் இருக்கிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம்.

கடை கடையாக ஏறியதில் இரண்டு அனுபவம். ஒரு கடையில், இது பின்சக்கரம் இழுக்கிற வண்டிதானே, பின்னால் மட்டும் இரண்டு போதும், செலவு பாதி என்றார்கள். நல்ல வேளை, மெக்கானிக் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: வண்டியைத் திருப்புவதும், பிரேக் போடும்போது பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்சக்கரங்கள். அவை வழுக்கினால் பின்னால் இருக்கும் பிடிப்பால் என்ன பயன்? போட்டால் நாலும் போட வேண்டும். ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டு நடப்போமா?

இன்னொரு கடையில் நாலு டயரைப் பளபளவென்று துடைத்து, பாதி விலை என்று காட்டினார்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி பார்க்கிறவள் நான். "இதுக்குத் தேதி எங்கடா போட்டிருப்பாங்க?" என்று தம்பியைக் கேட்டேன். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் தேதி. குனிந்து பார்த்தால் 4113. அதாவது 2013-ம் வருஷம் 41-வது வாரத்தில் செய்தது. ஒன்பது வருஷம் கிடந்த ரப்பர்! மேலே வரிவரியாக எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போயிருக்கும். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

கடைசியில் 2022-ல் செய்த டயர் நாலு, சக்கரம் நாலு, மாட்டுக் கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,250 டாலரைத் தொட்டது. நம் பணத்துக்கு முக்கால் லட்சம். வளைகாப்புக்கு வளையல் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தை இவள் நீட்டினாள். "வளையலை ஊர்லேருந்து நான் கொண்டாந்திருக்கேன், கண்ணாடி வளையல் போதும். இதை டயருக்குக் கொடு" என்றேன். "அண்ணி, குழந்தைக்கு முதல் நகை டயர்தானா?" என்று சிரித்தாள்.

அக்டோபர் கடைசியிலேயே மாட்டிவிட்டோம். நவம்பர் பிறந்தால் கராஜில் கூட்டம் நெருக்கும், தேதி கிடைக்காது. மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் திரும்பப் போய் நட்டுகளை முடுக்கிப் பார்த்துக்கொண்டோம். குளிர் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் காற்று ஒரு பவுண்டு குறையும். ஆகவே மாதம் ஒரு தரமாவது, வண்டி ஓடுவதற்கு முன்னால், காற்றைச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுபவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் தாழ்ந்த வண்டி உயர்ந்துவிடாது. பனி ஒரு சாணுக்கு மேல் குவிந்தால் காரின் வயிறு பனியில் அமர்ந்துவிடும். சக்கரம் சும்மா சுற்றும். ஆகவே அப்படிப் பனி விழுந்தால் காரைத் தொடவே கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று முன்னமேயே பேசி முடிவு செய்து, எண்ணையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டோம். டிக்கியில் ஒரு மண்வெட்டி, பனி தட்டும் துடைப்பம், இரண்டு கம்பளி எப்போதும் இருக்கும்.

பொங்கலுக்கு முன்னால், ஒரு ராத்திரி மூன்று மணிக்கு வலி எடுத்தது. வெளியே மைனஸ் 18 டிகிரி. நாலு விரற்கடை பனி விழுந்து கெட்டித்திருந்தது, கார் போகலாம். அந்தத் தாழ்ந்த சீட்டில் அவளை உட்கார வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நான் பின்னால் சுருண்டுகொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். தம்பி மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினான். ஒரு முச்சந்தியில் எங்களுக்கு முன்னால் போன கார் ஒன்று சிவப்பு விளக்கில் நிற்க முடியாமல் குறுக்கே திரும்பிச் சறுக்கியது. தம்பி பிரேக்கை அழுத்தினான். வண்டி கரகரவென்று பனியைக் கடித்துக்கொண்டு நின்றது. யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும் அந்த இருட்டிலும் குளிரிலும் வியர்த்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடிந்து ஏழு மணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவதிலும் ஒரு பாடம் உண்டு. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போக அங்கே அனுமதி இல்லை. பின்புறம் பார்க்கும்படி குழந்தை சீட்டைப் பின்சீட்டில் பொருத்த வேண்டும். இந்தக் காரில் அதை வைக்க முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ள வேண்டியிருந்தது. தம்பி குள்ளமானவன், அவன் சீட்டுக்குப் பின்னால் அவள் ஒண்டிக்கொண்டாள். நான் டாக்சியில் போனேன். தாய்மார்களே, குழந்தைக்குத் தடிமனான கோட்டைப் போட்டு அதன் மேல் பெல்ட்டை மாட்டாதீர்கள். கோட்டு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். சாதாரண உடையில் பெல்ட்டை ஒட்ட மாட்டி, அதன் மேல் கம்பளியைப் போர்த்துங்கள்.

வசந்தம் வந்து குளிர் விட்டதும் அந்த டயர்களைக் கழற்றிவிட வேண்டும். இளக்கமான ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேயும். உப்புப் போகக் கழுவி, காயவைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சக்கரத்தோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். வெறும் டயரானால் நிறுத்தி வைக்க வேண்டும். நான் ஊர் திரும்பிய பிறகு தம்பி இதையெல்லாம் செய்து போட்டோ அனுப்பினான். பிறகு நாலு கதவு வண்டியும் வாங்கிவிட்டான். அதைச் சொல்லப் போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "குளிர்கால டயர் என்ன அளவுடா?" என்பதுதான்.