எந்தத் தராசில் நிறுப்பது?

தோட்டக் கிராணியாகிய எனக்கு அன்றாட அலுவல், தொழிலாளர் கொணரும் பாலை நிறுத்துக் கணக்கெழுதுவது. கொண்டு வந்தவர் யார் என்று பார்த்து எடை எழுதினால் அது மோசடி. இதை நன்கறிந்த நானே மனிதரை நிறுக்கும் விஷயத்தில் ஒருமுறை தவறினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஒவ்வொரு பெருங்கட்சியும் தன் அபேட்சகரைத் தெரிந்தெடுக்க மாகாணந்தோறும் வோட்டெடுப்பு நடத்துவது வழக்கம். 2008-ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியில் இறுதிவரை போட்டியிட்டவர்கள் ஹில்லாரி கிளிண்டன் அம்மையாரும் பராக் ஒபாமாவும் ஆவர். வெள்ளையரே மிகுந்த அயோவா மாகாணத்தில் ஜனவரி 3-ஆம் தேதி ஒபாமா முதலிடம் பெற்றார். அப்போது எனக்கு வயது இருபது. "நம் நிறத்தவர் வென்றுவிட்டார்!" என்று தந்தையாரிடம் ஓடினேன்.

அவர் ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியவர், ஆங்கிலம் அறியாதவர். "சாதி பார்த்து வோட்டுப் போடுகிறவனை ஏசுகிறாயே, தம்பி, நீ நிறம் பார்க்கிறாய். இரண்டுக்கும் என்ன பேதம்? அவர் என்ன செய்தார், அந்த அம்மாள் என்ன செய்தார், அதைச் சொல்" என்றார். ஆங்கிலப் படிப்புப் படித்த நான் விடை தெரியாமல் தலைகுனிந்தேன்.

அதன் பின்னரே இருவர் செய்கைகளையும் தேடிப் படித்தேன். 2002 அக்டோபரில், ஈராக்கின் மீது படையெடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை அம்மையார் செனட் சபையில் ஆதரித்தார். அதே மாதத்தில் ஒபாமா சிக்காகோ நகரில் அந்த யுத்தத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார். யூகம் அவருடையதே சரி. ஆயினும் அன்று அவர் இல்லினாய் மாகாண சபையின் அங்கத்தினரே. செனட்டில் வோட்டளிக்கும் சோதனை அவருக்கு நேரவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வைத்திய இன்சூரன்ஸ் விஷயத்திலோ நிலைமை மாறிற்று. எல்லோரும் கட்டாயம் இன்சூரன்ஸ் பெற வேண்டும் என்றார் அம்மையார். நோயில்லாதவர் விலகி நின்றால் நோயாளிகளின் செலவை யார் தாங்குவது என்பது அக்கொள்கையின் நியாயம். ஒபாமா குழந்தைகளுக்கு மட்டுமே கட்டாயம் போதும் என்றார். ஜூன் 7-ஆம் தேதி அம்மையார் போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 2010 மார்ச்சில் அவரே கையொப்பமிட்ட வைத்தியச் சட்டத்தில், வயது வந்தோருக்கும் அந்தக் கட்டாய விதி இடம்பெற்றது! தோற்றவரின் கொள்கை வென்றவரின் சட்டமாயிற்று.

பிறப்பைக் காட்டி அடைத்த கதவு திறக்கும்போது மகிழ்வது நியாயமே. கறுப்பர் ஒருவர் வென்றாலும், பெண்ணொருத்தி வென்றாலும் அம்மகிழ்ச்சி தகும். ஆனால் அந்த மகிழ்ச்சியை எடைக்கல்லாகத் தட்டில் வைத்தால் தராசு பொய் சொல்லும். நான் செய்த பிழை அதுவே.

தந்தையார் இன்றில்லை. நம் ஊர்ச் சங்கங்களில் தேர்தல் வரும்போதெல்லாம், "நம்மவர் யார்?" என்ற பேச்சு முதலில் எழுகிறது. எனக்கோ அவர் கேட்ட கேள்வியே காதில் ஒலிக்கிறது. நேயர்களே, வோட்டளிக்குமுன் நீங்களும் அதைக் கேளுங்கள்: அவர் என்ன செய்தார்?