ஓட்டையைப் பெரிதாக்கும் பாடம்

சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் ஃபைபர் படகுகள் கரையேறி, மீனெல்லாம் விலைபோன பிறகுதான் வலை வேலை தொடங்குகிறது. நண்டு சிக்கி அறுந்த இடம், பேத்தை மீன் கடித்த இடம், பாறையில் மாட்டிக் கிழிந்த இடம் என்று வலையில் ஓட்டைகளுக்குக் குறைவிருக்காது. புது வலையை இயந்திரமே பின்னிவிடுகிறது. கிழிந்ததைச் சரிசெய்ய மட்டும் இன்றைக்கும் கைதான் வேண்டும்.

புதிதாகப் பழகுகிறவர் வலை ஊசியைத் தேடுவார். கைதேர்ந்தவர் கத்தியை எடுப்பார். பிய்ந்து தொங்கும் நூலையெல்லாம் நறுக்கி, ஓட்டையை முதலில் பெரிதாக்குவார்.

வலையின் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால்கள் பிரிகின்றன. ஓட்டையின் ஓரத்து முடிச்சுகளில் இரண்டிரண்டு கால்களை விட்டுவிட்டு மற்றதை அறுக்க வேண்டும். பின்னத் தொடங்கும் முடிச்சிலும் முடிக்கும் முடிச்சிலும் மட்டும் மூன்று கால்கள் நிற்க வேண்டும். அப்படி அறுத்தால்தான் ஒரே நூல் எங்கும் விட்டுப்போகாமல் போய் எல்லாக் கண்களையும் கட்டி முடிக்கும். நூல் ஒரு முடிச்சுக்குள் வந்து வெளியேறும்போது இரண்டு கால்கள் கூடுகின்றன. தொடக்கத்தில் புறப்பாடு மட்டும், முடிவில் வரவு மட்டும். எனவே அந்த இரண்டு இடங்களிலும் ஒரு கால்தான் கூடும். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒருமுறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு 1735-இல் கணித அறிஞர் ஆய்லர் சொன்ன விடையும் இதே கணக்குதான். கல்லூரியில் அது கோட்டுருவியல் என்ற பாடம். மணலில் அது விரல்களுக்குள் இருக்கிறது.

இந்த வலை வேலையைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்றால் தமிழ்நாட்டில் ஓர் அச்சம் எழும், அது நியாயமானது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழில் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954-இல் காமராஜர் ஆட்சி கைவிட்டது. அது நீடித்திருந்தால் மீனவர் பிள்ளைக்கு வலை, வழக்கறிஞர் பிள்ளைக்குப் புத்தகம் என்றே ஆகியிருக்கும். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்திலுள்ள 18 தொழில்களில் மீன்வலை செய்வதும் ஒன்று. அதிலும் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கும்படி தமிழ்நாடு கேட்டது. கேட்டது சரி.

அதனால்தான் இந்தப் பாடம் முதலில் போக வேண்டியது மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடிப் பிள்ளைகளிடம். குப்பத்துப் பிள்ளையும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்து ஆய்லரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கற்றுத்தருபவர் வலை கட்டுபவராகவே இருக்கட்டும். விருந்தினர் என்று சால்வை போர்த்தி அனுப்பாமல் ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுக்கட்டும். மலிவான நைலான் வலை கிழிந்தால் தூக்கிப்போடும் பழக்கம் பரவுவதால் அவர்களுக்கு வேலையும் குறைகிறது.

செலவு பெரிதில்லை. வலை ஊசி, கண் அளவுக்கு ஒரு குச்சி, கடற்கரையில் கழித்துப்போட்ட ஒரு துண்டு வலை. நைலான் வழுக்கும் என்பதால் முடிச்சில் இன்னொரு சுற்று போட வேண்டும். போடாதவருக்கு அது இழுத்துப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தேர்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.