தகட்டின் உள்பக்கம்

அப்பாவின் பட்டறை தைப்பிங்கிலிருந்து கோலா செப்பத்தாங் போகும் சாலையோரம் இருந்தது. கோலா செப்பத்தாங்குக்கு முன்பு போர்ட் வெல்ட் என்று பெயர். கவர்னர் பிரெட்ரிக் வெல்டின் பெயரை வைத்திருந்தார்கள். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. பெரியவர்கள் வெகுகாலம் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஊரு பேரே வெல்ட்டு. அப்புறம் நமக்கு என்னடா வேலைக்குப் பஞ்சம்?" என்பார் அப்பா. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

பஞ்சமில்லை என்பது உண்மைதான். வந்தவற்றில் பாதி மீன் லோரிகள். பெட்டிகளிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர், உப்பும் செதிலுமாகப் பலகை இடுக்கு வழியே சேசிஸில் வடிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் தைப்பிங் மழை. உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு வெறும் தண்ணீரில் நனைந்ததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக் குழியில் விழுந்து எழுந்தால் சேசிஸ் விரிசல் விடும். அந்த விரிசலைப் பற்றவைத்து, மேலே ஒரு தகடு போட்டுப் பலப்படுத்துவது அப்பாவின் வேலை.

தகட்டை வைத்து ஒட்டிவிட்டுப் போகிற வேலையில்லை அது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்ன ஓட்டை போடுவார். தகட்டின் இரண்டு முனைகளையும் சரிவாக வெட்டுவார். நேராக வெட்டி மேலிருந்து கீழே ஒரே கோட்டில் பற்றவைத்தால், பாரம் ஏறும்போது சட்டம் அந்தக் கோட்டிலேயே முறியும். சேசிஸின் மேல் கீழ் விளிம்புகளுக்கு நெருப்பைக் காட்டவே மாட்டார். தகட்டின் நெடுகப் பற்றவைக்கும்போதும் கொஞ்சம் வைத்து, கொஞ்சம் இடம் விட்டு, ஆறவிட்டுத்தான் வைப்பார்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பலத்துக்காக விட்ட இடைவெளிதான் தண்ணீருக்கு வாசல். இரண்டு இரும்புகள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கில் தண்ணீரை யாரும் ஊற்ற வேண்டியதில்லை, தானே ஏறிப் போகும். போனது லேசில் காயாது. அதனால் தகட்டை வைக்கும் முன்பே, ஒன்றையொன்று தொடப்போகும் இரண்டு பக்கங்களையும் பளபளவென்று தேய்த்து சிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பற்றவைக்கும் ஓரத்தில் மட்டும் ஓர் அங்குலம் வெறுமனே விட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டில் துளை விழும், புகையும் நெஞ்சைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் கசடைத் தட்டிவிட்டு, சேசிஸின் மறுபக்கம் போய்ச் சூட்டில் கருகிய பெயிண்டைச் சுரண்டி அங்கேயும் அடிப்பார். பிறகு இடைவெளிகளில் சீலர். கடைசியாகத்தான் கறுப்புப் பெயிண்ட்.

"வெளிய அடிக்கிறது கண்ணுக்குடா. உள்ள அடிக்கிறதுதான் லோரிக்கு" என்பார்.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் அந்த உள்பக்கம் என் பொறுப்பாயிற்று. ஒரு சாயங்காலம் மீன்கார மாமாவின் லோரி நின்றது. உறவு இல்லை, சின்ன வயதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். விடியற்காலை மூன்று மணிக்கு ஜெட்டியில் நிற்கும் மனிதர். பள்ளி விடுமுறை என்றால் அவருடைய மகளும் முன்சீட்டில் தூங்கிக்கொண்டே வரும்.

திடலில் பந்து விளையாடக் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். தேய்த்து முடித்துவிட்டேன். சிங்க் அடித்தால் காய்வதற்கு வேறு நிற்க வேண்டும். தகட்டை அப்படியே வைத்துக் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டேன்.

அப்பா முகமூடியைத் தூக்கியபடி கேட்டார். "உள்பக்கம் அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்பா."

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தபோது அதே லோரி மறுபடியும் வந்தது. கறுப்புப் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவே தகடு பூரி மாதிரி உப்பியிருந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் தகட்டையே நெம்பும். சீலர் எப்போதோ வெடித்துப் போயிருந்தது. அப்பா கிரைண்டரால் ஒட்டுகளை அறுத்துத் தகட்டைப் பெயர்த்தார். உள்ளிருந்து துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. சேசிஸில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது.

தகட்டைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். சிங்க் அடித்திருந்தால் எங்காவது ஒரு மூலையில் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். ஒன்றுமில்லை. எனக்கு முன்சீட்டில் தூங்கும் அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

"என் தப்புங்க. காசு வேணாம், செஞ்சு தரேன்" என்றார் அப்பா மாமாவிடம்.

"உப்புத் தண்ணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் அவர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் வேலை. கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, புது இரும்பு வைத்து, புதுத் தகடு வெட்டினார். உள்பக்கத்துக்கு வந்ததும் பிரஷ்ஷை என்னிடம் கொடுத்து, "நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இரண்டு பூச்சு அடித்தேன். தகட்டை மாட்டாமல், அவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். வந்தார். பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. "மாட்டு" என்றார், முகமூடியைக் கையிலெடுத்தபடி. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அப்பாவின் கருமாதிக்கு மாமா வந்திருந்தார். ஊரார் முன்னால் அந்தக் கதையைச் சொன்னார். தன் தப்பு என்று ஒத்துக்கொண்டு காசு வாங்காமல் செய்துகொடுத்த மனிதர் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனேன்.

"மாமா, அது அப்பா தப்பு இல்ல. நான்தான் உள்ள பெயிண்ட் அடிக்கல. அடிச்சேன்னு பொய் சொன்னேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"அந்த லோரிய வித்தே எத்தனையோ வருஷமாச்சுப்பா" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கியே, பசியாறுனியா?" என்று கேட்டார்.