காற்றாடிமலையில் சிறிது நேரம்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, காற்றாடிமலைப் பாறைகளில் மோதி இரைகின்றது. 1752 சனவரி 14 அன்று வேதசாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான்.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த அவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பதவி போயிற்று; 1749-இல் சிறை; இறுதியில் இம்மலை. சாதி வேற்றுமை பாராது, யாவரும் சமம் எனப் போதித்ததும் பகையை வளர்த்தது. 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாமும் பெருமிதம் கொண்டோம்.

மெழுகுதிரி ஏற்றி முழந்தாளிட்டோம். எழுகையில் ஒரு கேள்வி நெஞ்சைத் தைத்தது: நம் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது, விசுவாசத்தை விசாரிக்குமுன் சாதியையன்றோ விசாரிக்கின்றோம்? அவர் உயிரையே ஈந்தார். நம்மிடம் கேட்கப்படுவதோ வீண் குலப்பெருமை ஒன்றே. அதையும் சுமந்துகொண்டே மலையிறங்குதல் தகுமோ?