முதலில் தடுப்புச் சுவர்

கோத்தகிரியில் சரிவான நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது, கையிருப்பில் பெரும்பகுதியைத் தடுப்புச் சுவருக்கே செலவழித்தேன். மாடியில் போட நினைத்த அறையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. "மண்ணைத் தாங்குற சுவத்துக்கு இவ்வளவு காசா?" என்று மனைவி வருத்தப்பட்டாள். 2009 நவம்பரைத்தான் அவளுக்கு நினைவூட்டினேன். அந்த மாத மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தால் எனக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. அந்தப் பயம்தான் என்னைச் செலவழிக்க வைத்தது.

வேலையைத் தொடங்கும் முன், சுற்றுவட்டாரத்தில் சரிந்து கிடந்த சுவர்களைப் போய்ப் பார்த்தேன். ஒரு கருங்கல் சுவர் உடையாமல், ஒரே துண்டாகக் குப்புற விழுந்திருந்தது. கல்லிலும் சிமெண்டிலும் குறையில்லை. ஆனால் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. பின்னால் நின்ற களிமண்ணை மேஸ்திரி காலால் அழுத்தினார். மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறியது. "தண்ணிக்கு வழி விட்டா சுவரு நிக்கும் சார்" என்றார்.

பொறியாளரின் கணக்கும் அதையேதான் சொன்னது. 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால், அதைத் தள்ளும் விசை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். சுவரின் உயரத்தை இரு மடங்காக்கினாலோ, அதைக் கவிழ்க்கும் வலு சுமார் 8 மடங்காகும். அதனால் ஒரே உயரச் சுவரை விட்டுவிட்டு, நடுவில் போதிய அகலம் விட்டு இரண்டு படிகளாகக் கட்டினோம்.

எந்த வகைச் சுவர் என்பதையும் யோசித்தேன். கான்கிரீட் சுவர் ஒல்லியானது. ஆனால் அதன் அடித்தளம் பின்பக்கம் நீள, மலையை இன்னும் வெட்ட வேண்டும். கம்பி வலைக்குள் கல் அடுக்கும் கேபியனில் தண்ணீர் தானே வடியும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். உள்ளூரில் நல்ல கல்வேலைக்காரர்கள் இருந்ததால் கருங்கல் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். அடி அகலம் உயரத்தில் பாதிக்குமேல். சுவரை மலைப்பக்கம் லேசாகச் சாய்த்தோம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சாய்வாக வைத்து, பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பினோம். மண் வந்து அடைக்காதபடி ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி. சரிவின் மேல்பக்கம் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால். கூரைத் தண்ணீரையும் கழிவுநீர் உறிஞ்சு குழியையும் சுவரின் பின்பக்கம் வரவே விடவில்லை.

சரிவு நிலம் வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: மண்ணைச் சோதித்து, சுவருக்கும் வடிகாலுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தில் அறைகளைத் திட்டமிடுங்கள். கட்டியதோடு விட்டுவிடாமல், ஆண்டுதோறும் மழைக்கு முன் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.