டாலினா, டார்ட்டுவா?

என் பெண்ணுக்கு எஸ்தோனியாவில் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. சந்தோஷப்படுவதா, திண்டாடுவதா என்றே தெரியவில்லை. பால்டிக் கடலோரத்தில் அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம்தான்!

பால் கணக்கு நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். வரன் பார்க்கும்போது செய்கிற வேலைதானே! ஒரு பக்கம் டாலின்: தலைநகரம், விமான நிலையம், 1918-ல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மறுபக்கம் டார்ட்டு: ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஆற்றங்கரை ஊர்; 1632-ல் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் நிறுவிய பழம்பெரும் பல்கலைக்கழகம். டாலினிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும்.

"டாலினுக்கே போயிடுடி. அவசரம்னா உடனே விமானம் ஏறலாம்" என்றேன்.

"ஏம்மா, நான் படிக்கப் போறேனா, திரும்பி வரப் போறேனா?" என்று சிரித்தாள். "இன்ஜினீயரிங்னா நானும் டாலின்தான் சொல்வேன். நான் படிக்கப் போறது மரபணு. டார்ட்டுல நடக்கிற ஆராய்ச்சிக்காக ரெண்டு லட்சம் பேர் ரத்தம் கொடுத்திருக்காங்க. அந்த நாட்டுப் பெரியவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்! எது பெரிய ஊர்னு பார்க்காதேம்மா, என் பாடம் எங்கே நல்லா இருக்குன்னு பாரு."

அவள் சொன்னதே நடந்தது. என் வளையல்கள் வங்கிக்குப் போயின. அவள் டார்ட்டுவுக்குப் போனாள்.

செப்டம்பர், அக்டோபரெல்லாம் உற்சாகமாகத்தான் பேசினாள். நவம்பரில் குரல் மாறியது. "மூன்றரை, நாலு மணிக்கே இருட்டிடுதும்மா. எழுந்திருக்கவே பிடிக்கலை" என்றாள். டிசம்பரில் பகல் வெளிச்சமே ஆறு மணி நேரம்தானாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மழுப்பினாள். எனக்குத் தூக்கம் போயிற்று. 'டாலினுக்கு அனுப்பியிருக்கலாமே' என்று மனம் அடித்துக்கொண்டது. யோசித்தால், அங்கேயும் இதே இருட்டுதானே! என் நோட்டில் இரண்டு பக்கமும் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவளைக் காப்பாற்றியது பக்கத்து அறை ஜார்ஜியப் பெண்தான். இரண்டு நாளாக இவளைச் சமையலறைப் பக்கம் காணோமே என்று கதவைத் தட்டியிருக்கிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனதும் அவளே. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததாம், மாத்திரை கொடுத்தார். 'நண்பகல் வெளிச்சத்தில் தினமும் நட, தனியாகச் சாப்பிடாதே' என்றும் சொன்னாராம். கோட்டில் ஒளிரும் வில்லை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு இருவரும் ஆற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்பது அங்கே சட்டமாம். பிப்ரவரியில் பழைய குரல் திரும்பியது. ஜூனிலோ, "ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம்மா!" என்று கூத்தாடினாள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இப்படி இரண்டு இடம் கிடைக்கலாம். கட்டணம், பெயர், தூரம் எல்லாம் எழுதிப் பாருங்கள். அவள் பாடத்துக்கு எது நல்ல இடம் என்று அவளையே கேளுங்கள். கூடவே இன்னொரு வரியும் எழுதுங்கள்: இரண்டு நாள் இவளைக் காணவில்லை என்றால் கதவைத் தட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?